கேட்டு வாங்கும் பணம்

அரசு மானியம் வாங்கியவர்களைக் கேட்டுப் பாருங்கள். "பணம் வந்தது கூடப் பெரிசில்லை சார், கணக்குக் கொடுத்து மாளலை" என்பார்கள். ரசீது, தணிக்கை அறிக்கை, பயன்பாட்டுச் சான்றிதழ்... கேள்வியெல்லாம் வாங்கியவரிடம்தான். கொடுத்த அலுவலகத்தை யார் கேட்பது?

டென்மார்க்கில் பிரிட்டா நீல்சன் என்று ஓர் அம்மாள். அரசின் சமூக சேவைத் துறையில் சுமார் 40 ஆண்டு உத்தியோகம். நலிந்த மக்களுக்கு உதவும் திட்டங்களுக்கு மானியம் பட்டுவாடா செய்யும் வேலை. எல்லாருக்கும் அவர்மேல் அசாத்திய நம்பிக்கை. அந்த நம்பிக்கைதான் வினையாய்ப் போயிற்று. 1993 முதல் 2018 வரை கொஞ்சம் கொஞ்சமாக, சுமார் 11.7 கோடி குரோனர் அவருடைய கணக்குகளுக்கே போய்ச் சேர்ந்தது. நம்ம ரூபாயில் நூறு கோடிக்கு மேல்! அதில் மகளுக்கு விலையுயர்ந்த குதிரைகள் வேறு.

ஊழல் குறைந்த நாடு என்று உலகமே பாராட்டும் ஊர் அது. அங்கேயே 25 வருஷம் யார் கண்ணிலும் படவில்லை. விஷயம் வெளிவந்தபோது அம்மாள் தென்னாப்பிரிக்காவில். 2018 நவம்பரில் ஜோகன்னஸ்பர்க்கில் பிடித்தார்கள். 2020 பிப்ரவரியில் கோபன்ஹேகன் நீதிமன்றம் ஆறரை ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது.

மானியத்துக்கு ஒப்புதல் தருபவர் ஒருவர், வங்கிக் கணக்கு எண்ணைச் சரிபார்ப்பவர் இன்னொருவர், பணத்தை விடுவிப்பவர் மூன்றாமவர் என்று பிரித்து வைப்பது அதனால்தான். விண்ணப்பித்தவர்களுக்கு அது அலைக்கழிப்பாகத்தான் தெரியும். அடுத்த முறை "இன்னொரு கையெழுத்து வேணும்" என்று குமாஸ்தா சொன்னால், கொஞ்சம் பொறுமையாகவே நில்லுங்கள்.