காதில் விழுந்ததைச் சொல்லும் கலை

உரிமம் பெற்று, பொழுதுபோக்காக வானொலியில் பேசிக்கொள்ளும் ஹாம் வானொலிக்காரர்களிடம் ஒரு நல்ல வழக்கம் உண்டு. தொலைதூரத்து நிலையம் ஒன்று காதில் விழுந்தால், அது எந்த அலைவரிசையில் கேட்கிறது என்பதை உலகெங்கும் உள்ள மற்ற ஹாம்களுக்கு உடனே தெரிவித்துவிடுவார்கள். இதற்கு ‘ஸ்பாட் போடுவது’ என்று பெயர். இதை நான் ஒரு கலையாகவே மதிக்கிறேன்.

பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பக்கம் இருக்கும் நூம்பலை எடுத்துக்கொள்வோம். மொட்டை மாடியில் சுமார் பத்து மீட்டர் செம்புக் கம்பியை நடுவில் பிரித்துக் கட்டினால், 14 மெகாஹெர்ட்ஸுக்கு டைபோல் ஆன்டெனா தயார். ஆனால் அக்கம்பக்கத்து எல்.இ.டி. விளக்கு, இன்வெர்ட்டர், தண்ணீர் மோட்டார் எல்லாம் ரிசீவரில் இரைச்சலாக வந்து விழும். அந்த இரைச்சலுக்கு அடியில் பிரேசில்காரர் ஒருவரின் குரல் மெல்லக் கேட்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குரலை இங்கே திருப்பி அனுப்பும் அயனி மண்டலம் சூரியனைப் பொறுத்து மாறிக்கொண்டே இருப்பது. கால் மணி நேரத்தில் அந்தக் குரல் மறைந்துபோகலாம். அதற்குள் ஆவடியில் இருப்பவருக்கும் அது கிடைக்க வேண்டும் என்றால், கேட்டவர் சொல்லியாக வேண்டும்.

ஸ்பாட் என்பது ஒரே வரி. கேட்டவரின் அழைப்புக்குறி, அலைவரிசை, அவர் கேட்ட நிலையம், சிறு குறிப்பு, உலகப் பொது நேரம், அவ்வளவுதான். நம் மாலை 6.30 அதில் 13.00 என்று பதிவாகும். தேர்ச்சி தெரிவது அந்தக் குறிப்பில். ‘அப் 5’ என்று போட்டிருந்தால், அந்த நிலையத்துக்காரர் தாம் பேசும் இடத்துக்கு ஐந்து கிலோஹெர்ட்ஸ் மேலே காது கொடுக்கிறார், அங்கே கூப்பிடுங்கள் என்று பொருள். அதை எழுதாமல் விட்டால், அத்தனை பேரும் அவர் பேசும் இடத்திலேயே கூவி அவரை அமுக்கிவிடுவார்கள். அழைப்புக்குறியில் ஓர் எழுத்து பிசகினால், இல்லாத நிலையத்தைத் தேடி ஊரே அலையும்.

1980களின் பிற்பகுதியில் அமெரிக்க ஹாம் டிக் நியூவெல் உருவாக்கிய பாக்கெட்கிளஸ்டர் மென்பொருள் இந்தச் செய்திகளைக் கணினிக்குக் கொண்டுவந்தது. பிறகு இணையம் வந்தது. 2017இல் ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கும் எஃப்.டி.8 என்ற கணினிவழித் தொடர்பு முறையைத் தந்தார்கள். இப்போது கணினியே கேட்டு, கணினியே தெரிவித்துவிடுகிறது. எந்தத் திசைக்குப் பாதை திறந்திருக்கிறது என்று அறிய அது அருமையான வசதி. ஆனாலும் இரைச்சலைப் பொறுத்து, நின்று கேட்டு, ஒருவர் கைப்பட எழுதும் குறிப்பையே நான் உயர்வாக வைப்பேன்.

கேட்டதைப் பிறருக்குச் சொல்வதன் அருமை நெருக்கடியில் இன்னும் நன்றாகத் தெரியும். 2004 டிசம்பரில் இந்திய ஹாம் பாரதி பிரசாத் தலைமையில் ஒரு குழு அந்தமானின் போர்ட் பிளேரில் ஹாம் நிலையம் ஒன்றை இயக்கியது. பல ஆண்டுகளாக ஹாம் குரலே எழாத அந்தமானைப் பிடிக்க உலகமே காது கொடுத்துக் காத்திருந்தது. 26ஆம் தேதி சுனாமி தாக்கியது. தொலைபேசிகள் செயலிழந்தன. தொலைதூரத் தொடர்புகளை நிறுத்திவிட்டு, அதே கருவிகளால் தீவுகளின் அவசரச் செய்திகளை அந்தக் குழு வெளியுலகுக்கு அனுப்பியது.

உரிமம் வைத்திருக்கும் நண்பர்களே, பிறர் போட்ட ஸ்பாட்டைப் பார்த்துத் தொடர்பு கொள்வதோடு நின்றுவிடாதீர்கள். நீங்கள் கேட்டதையும் போடுங்கள். உங்கள் காதால் கேட்டதை மட்டும் போடுங்கள். உரிமம் இல்லாதவர்களுக்கும் ஒரு வார்த்தை: 12 வயது நிரம்பியவர்கள் இதற்கான தேர்வை எழுதலாம்.