கடலோரத்தில் ஒரு கணிதப் பாடசாலை



இலங்கையின் வடமுனையில் கடலை ஒட்டிக் கிடக்கும் சின்னப் பட்டினம் பருத்தித்துறை. ஒரு சந்தை, ஒரு வெளிச்சவீடு, ஒரு சிறிய துறைமுகம், ஊர்ப் பெயரைச் சுமந்து நாடெங்கும் போகிற வடை. பல்கலைக்கழகமோ பெரிய தொழிற்சாலையோ அங்கே இருந்ததில்லை. அந்தப் பட்டினத்தில் ஆண்பிள்ளைகள் படிக்கிற அரசாங்கப் பாடசாலை ஒன்று இருக்கிறது: ஹாட்லிக் கல்லூரி. அது வளர்த்தெடுத்த கல்விப் பழக்கம் எப்படிப்பட்டது, அதன் மதிப்பு என்ன என்பதே இன்றைய பேச்சு.

ஹாட்லி என்றதும், அங்கே படித்துப் பேராசிரியரானவர்கள், பொறியியலாளரானவர்கள், வைத்தியரானவர்கள் என்று ஒரு பட்டியலை ஒப்புவிப்பது நம்மவர் வழக்கம். பட்டியல் பொய்யில்லை. ஆனால் அந்தக் கல்லூரி செய்த பெரிய காரியம் வேறு. கடினமான கணிதத்தை அது ஊரின் அன்றாட விஷயமாக்கியது. கடற்றொழிலாளி வீட்டிலும் தோட்டக்காரர் வீட்டிலும் கடைக்காரர் வீட்டிலும் "பிள்ளை கணிதம் செய்கிறான்" என்பது சாதாரணப் பேச்சாயிற்று. பெரிய நகரங்களிலேயே இது எளிதில் நடப்பதில்லை.

கதை 1838இல் தொடங்குகிறது. வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பீற்றர் பார்சிவல் பாதிரியார் இந்தப் பாடசாலையைத் தொடக்கினார். ஆறுமுக நாவலர் பார்சிவலிடம் படித்தவர். பிறகு அவரோடு சேர்ந்து பைபிளைத் தமிழாக்க உழைத்தவர். அதே பாதிரியார் தமிழ்ப் பழமொழிகளை ஆயிரக்கணக்கில் திரட்டி அச்சிட்டார். மதம் பரப்ப வந்தவர்தான், மறுக்கவில்லை. ஆனால் தமிழைக் காது கொடுத்துக் கேட்ட மனிதர் கையால் தொடக்கம் அமைந்தது அந்தப் பாடசாலையின் பேறு என்றே கருதுகிறேன். 1916இல், வெஸ்லியன் மிஷனின் செயலாளராயிருந்த மார்ஷல் ஹாட்லியின் பெயர் கல்லூரிக்கு வைக்கப்பட்டது.

அடுத்து வருகிற செய்திதான் என் பார்வையில் எல்லாவற்றிலும் முக்கியம். 1915இலிருந்து 1967 வரை, அரை நூற்றாண்டுக்கும் மேலாக, அந்தக் கல்லூரிக்கு இரண்டே இரண்டு அதிபர்கள். முதலில் சி. பி. தாமோதரம். 1943இல் அவரிடமிருந்து பொறுப்பேற்றவர் கே. பூரணம்பிள்ளை. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை அதிபர் மாறுகிற இன்றைய பாடசாலைகளோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். தகப்பனுக்குப் பாடசாலை நடத்தியவரே மகனுக்கும் நடத்துகிறார். எந்த வீட்டில் பிள்ளைக்குப் படிக்க இடமில்லை, எந்தப் பிள்ளை கெட்டிக்காரனாயிருந்தும் சோம்பல்படுகிறான் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். நல்ல ஆசிரியர்களைத் தேடிப் பிடித்து, பிடித்தவர்களை ஊரிலேயே தக்க வைக்கவும் காலம் கிடைக்கிறது. கல்வித் திட்டங்களைப் பற்றி எவ்வளவோ பேசுகிறோம். நிலைத்து நிற்கிற அதிபருக்கு ஈடான திட்டம் ஒன்றும் எனக்குத் தெரியவில்லை.

கல்வி அமைச்சர் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி 1945இல் நடைமுறைக்கு வந்தது. 1960இல் அரசாங்கம் மிஷன் பாடசாலைகளைப் பொறுப்பேற்றபோது ஹாட்லியும் அரசாங்கப் பாடசாலையானது. கல்லூரியின் பழம்பெருமை பேசுகிறவர்களில் சிலர் இந்த மாற்றத்தை இழப்பாகவே சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. காசும் சாதியும் பார்த்துப் படிப்பளித்த யாழ்ப்பாணத்தில், பாடசாலை வாசல் எல்லாப் பிள்ளைக்கும் ஒரேமாதிரித் திறந்திருக்கவில்லை. அரசாங்கப் பாடசாலை என்றால் அது ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் உரியது. அந்த உரிமை முழுதாகக் கைக்கு வர மேலும் காலம் பிடித்தது என்றாலும், திசை சரியான திசை.

அங்கே கற்ற கணிதம் எவ்வளவு தூரம் போயிற்று என்பதற்கு இரண்டு பேரைச் சொல்லுகிறேன். ஒருவர் சி. ஜே. எலியேசர், 1918இல் பிறந்தவர். ஹாட்லியில் படித்து, கொழும்பு சென்று, கேம்பிரிட்ஜில் இயற்பியலாளர் டிராக்கின் வழியில் ஆராய்ச்சி செய்தார். நேரேற்றம் கொண்ட புரோத்தனை நோக்கி ஓர் இலத்திரன் நேர்கோட்டில் விழுந்தால் முடிவில் மோதும் என்றுதானே நினைப்போம்? டிராக்கின் சமன்பாட்டை எடுத்துத் தீர்த்துப் பார்த்த எலியேசர், அந்தச் சமன்பாட்டின்படி இலத்திரன் மோதாது, திரும்பி விலகி ஓடும் என்று காட்டினார். சமன்பாட்டிலேயே ஏதோ சிக்கல் இருக்கிறது என்பதை உலகத்துக்கு உணர்த்திய முடிவு அது. இலங்கையிலும் மலாயாவிலும் அவுஸ்திரேலியாவிலும் கணிதப் பேராசிரியராயிருந்தவர் அவர்.

மற்றவர் அழகையா துரைராசா, 1934இல் பிறந்தவர். அவர் வெளிநாட்டில் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டது மண். கயோலின் என்னும் வெண்களியை உருளை வடிவில் செய்து, இறப்பர் உறை போட்டு, நீர் நிறைந்த கலத்துக்குள் நிறுத்தி, பக்கமெல்லாம் அழுத்தம் கொடுத்தபடி மேலிருந்தும் அமுக்குவார்கள். களி சப்பளியும், அதன் கனவளவும் மாறும். நாம் செலுத்துகிற சக்தியில் எவ்வளவு கனவளவு மாற்றத்துக்குப் போகிறது, எவ்வளவு உராய்வில் அழிகிறது என்று அவர் ஒவ்வொரு பரிசோதனையாகக் கணக்கிட்டார். நீரை வடியவிட்டுச் செய்தாலும், வடியாமல் அடைத்துச் செய்தாலும், அழிகிற சக்தி ஒரே எளிய விதிக்கு அடங்குவது தெரிந்தது. அந்த விதியின்மேல் நின்றுதான் ரொஸ்கோ, ஸ்கோஃபீல்ட், துரைராசா மூவரும் 1963இல் வெளியிட்ட கட்டுரை எழுந்தது. 'கேம் களி' என்று இன்று உலகெங்கும் மண்பொறியியல் மாணவர் படிக்கிற மாதிரிக்கு அதுவே அடித்தளம். அணைக்கட்டு, சுரங்கப்பாதை, மென்மையான நிலத்தில் போடும் வீதி என்று அதன் வழிவந்த கணக்குகள் பயன்படாத இடம் குறைவு. துரைராசா நாடு திரும்பிப் பேராதனையில் கற்பித்தார். பிறகு 1988இலிருந்து, போர் நடுவே, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்து 1994இல் மறைந்தார். வெளிநாட்டில் சுகமாக இருந்திருக்கலாம். அவர் வந்தார். இந்த ஒன்றுக்காகவே அந்தப் பெயரை நான் தனி மரியாதையோடு சொல்லுகிறேன்.

இனி இடர்களைப் பற்றி. எழுபதுகளின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்தது. 1971 அனுமதியில் பொறியியலுக்குத் தமிழ்மொழி மூல மாணவனுக்கு 400க்கு 250 புள்ளி வேண்டியிருந்தது. சிங்களமொழி மூல மாணவனுக்கு 227 போதும். பல்கலைக்கழகத்தையே குறியாக வைத்துப் படித்த ஒரு பட்டினத்துக்கு அது நெஞ்சில் விழுந்த அடி. 1984 செப்டம்பரில் பருத்தித்துறையில் பொலிசார் நடத்திய வன்செயலில் கல்லூரியின் நூலகமும் ஆய்வுகூடங்களும் எரிந்தன. 1987இல் பருத்தித்துறையும் அடங்கிய வடமராட்சிப் பகுதி மீது பெரும் இராணுவ நடவடிக்கை. பின்னாளில் கல்லூரிச் சுற்றாடல் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டது. 2004இல் கடல்கோள்.

தொண்ணூறுகளில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் பொன்னாக விற்றது. ஜாம் போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு, கம்பியில் சுற்றிய திரியை உள்ளே நிறுத்துவார்கள். போத்தல் காற்றை மறைக்கும். வெளிச்சம் கொப்பியின் ஒரு பக்கத்துக்குத்தான் காணும். அந்த வெளிச்சத்தில் தூய கணிதமும் பிரயோக கணிதமும் செய்து பரீட்சைக்குப் போன தலைமுறை ஒன்று யாழ்ப்பாணம் முழுவதும் உண்டு. ஹாட்லியின் பிள்ளைகளும் அதில் சேர்ந்தவர்கள். கட்டடமும் புத்தகமும் போனபிறகும் படிப்பு நிற்கவில்லை என்றால், அது மனிதரில் ஊறியிருந்தது என்றுதான் பொருள்.

குறையையும் சொல்லத்தான் வேண்டும். கணிதமும் உயிரியலும் எடுப்பவனே கெட்டிக்காரன், கலைப்பிரிவுக்குப் போகிறவன் தேறாதவன் என்ற எண்ணத்தை நம்முடைய பெயர்பெற்ற பாடசாலைகள் எல்லாம் வளர்த்தன, ஹாட்லியும் விலக்கல்ல. வரலாறோ இலக்கியமோ படித்திருக்க வேண்டிய எத்தனை பிள்ளைகள் தங்களைத் தாழ்வாக எண்ணிக்கொண்டார்கள்! அண்மைக் காலத்தில் தட்டெறிதலிலும் குண்டெறிதலிலும் ஹாட்லி மாணவர் தேசிய மட்டத்தில் பெயர் எடுத்திருப்பது எனக்கு அதனாலேயே இரட்டை மகிழ்ச்சி. புள்ளிக்கு வெளியேயும் திறமை இருக்கிறது என்று அது ஊருக்குக் காட்டுகிறது.

கல்லூரியின் பழைய மாணவர் கொழும்பிலும் லண்டனிலும் கனடாவிலும் சங்கம் வைத்திருக்கிறார்கள். கட்டடத்துக்கும் உபகரணத்துக்கும் தாராளமாகக் கொடுக்கிறார்கள்; நன்றி. அவர்களிடமும், இதைக் கேட்கிற எல்லாப் பாடசாலைகளின் பழைய மாணவரிடமும் ஒன்று கேட்கிறேன். எரிந்த நூலகத்தோடு போன பதிவுகளைத் திரும்ப வாங்க முடியாது. ஆனால் உங்கள் வீட்டு அலுமாரியில் ஒரு பழைய ஆண்டுமலர், ஓர் ஆசிரியர் கைப்பட எழுதிய கணிதக் கொப்பி, ஒரு பரிசளிப்பு விழா அறிக்கை கிடக்கலாம். கறையான் தின்னுமுன் எடுங்கள். ஈழத்து நூல்களையும் ஆவணங்களையும் மின்வடிவில் சேர்த்து வைக்கிற நூலக நிறுவனம் இருக்கிறது. அவர்களிடம் பிரதி எடுக்கக் கொடுங்கள். மூலத்தைக் கல்லூரிக்கு அனுப்பிவையுங்கள். உங்களுக்குக் கற்பித்த மூத்த ஆசிரியர் உயிரோடு இருந்தால், இந்த வருஷமே போய் அவர் சொல்வதை ஒலிப்பதிவு செய்யுங்கள்.