பேய்களுக்கும் ஒரு நியதி



விளையாட்டைப் பற்றிப் பேசவா மேடை ஏறினார்கள் என்று பெரியோர் சிலர் எண்ணக்கூடும். நாம் பேச எடுத்துக்கொண்டது நாற்பது ஆண்டுகளைக் கடந்தும் சலிக்காத ஒரு விளையாட்டு. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பிள்ளைகள் கைத்தொலைபேசியில் இன்றும் ஆடக்கூடிய ‘பாக்-மான்’ என்பதே அது.

1980ஆம் ஆண்டு யப்பானில், நாம்கோ நிறுவனத்தில் இதனை உருவாக்கியவர் தோரு இவத்தானி என்னும் இளைஞர். விண்வெளிப் போர்களே மலிந்திருந்த விளையாட்டுக் கூடங்களுக்குப் பெண்களும் விரும்பி வரவேண்டும் என்று அவர் கருதினார். ஆதலாற் சுடுதலை விடுத்து, உண்ணுதலைப் பொருளாகக் கொண்டார். வாயைத் திறந்து மூடும் மஞ்சள் வட்டம் ஒன்று. அது உண்ணும் சிறு புள்ளிகள் 240. வலிமை தரும் பெரும் புள்ளிகள் 4. துரத்தும் பேய்கள் 4. இவ்வளவுதான்.

இதில் என்ன கவர்ச்சி? பேய்கள் நான்கும் ஒரே குணம் உடையன அல்ல. சிவப்புப் பேய் நேரே துரத்தும். இளஞ்சிவப்புப் பேய் நாம் செல்லும் திசையில் முன்சென்று மறிக்கப் பார்க்கும். நீலப் பேய், சிவப்புப் பேய் நிற்கும் இடத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு வரும். செம்மஞ்சட் பேயோ கிட்ட வந்ததும் தன் மூலைக்குத் திரும்பிவிடும். இடையிடையே நான்கும் துரத்தலை நிறுத்தும். நமக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். ஒரே வழியிற் பிசகாது சென்றால் அவையும் ஒரே விதமாகவே வரும். அச்சம் தருவதன் இயல்பைக் கற்றவனுக்கு அச்சம் குறைகிறது.

தாயத்தில் தோற்றவன் கட்டையைப் பழிக்கலாம். ஆடுபுலி ஆட்டத்தில் தோற்றவன் யாரைப் பழிப்பான்? தன் மதியையே நோகவேண்டும். பாக்-மான் இந்த இரண்டாவது குலத்தைச் சேர்ந்தது.

இன்னுமொன்று. அக்காலக் கூடங்களிற் காசு போட்டவன் வாங்கியது ஒரு வாய்ப்பை மாத்திரமே. தோற்றபின் மீண்டும் காசு போட்டாலும் முதற் கட்டத்திலிருந்தே தொடங்கவேண்டும். செல்வந்தன் மகனுக்கும் கூலித் தொழிலாளி மகனுக்கும் அதே வழிகள், அதே பேய்கள். இன்றைய கைத்தொலைபேசி விளையாட்டுக்கள் பலவற்றிலோ பணம் கொடுத்து வலிமையையே வாங்கலாம். அங்கே வெல்வது திறமையா, பணப்பையா?

பாக்-மானுக்கும் எல்லை உண்டு. 256ஆம் கட்டத்தில் இயந்திரத்தின் கணக்கு நிரம்பி வழிய, திரையின் வலப் பாதி சிதைந்துபோகும். அக்காலத்தில் அவ்வெல்லையை நேர்மையாக எட்டியோர் விலை கொடுத்து எட்டவில்லை. பழகிப் பழகியே எட்டினர்.

ஆகவே பெரியோர்களே, பிள்ளை விளையாடுகிறான் என்று வெகுளுமுன் எந்த விளையாட்டு என்று கேளுங்கள். நண்பர்களே, தோற்றவனும் குறைகூற முடியாத நியதியை ஒரு பொழுதுபோக்கில் விரும்பும் நாம், நாளை ஏற்கும் பதவிகளிலும் அதனையே காக்கக் கடமைப்பட்டுள்ளோம்.