கலை வகுப்புக்குப் பொருள் சேர்ப்போம்



நம் தோட்டத்தில் ஓவியம், நீர்வண்ணம், மட்பாண்டம் ஆகிய மூன்று தொடக்க வகுப்புகளை நடத்த விரும்புகிறோம். மண்டபம் இருக்கிறது, கற்க விழையும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். எஞ்சியிருப்பது பொருள் சேர்க்கும் பணியே. இது சிறு பணியெனத் தோன்றலாம். ஆயினும், தூரிகை இல்லாத பிள்ளை முதல் நாள் அடுத்தவர் கையைப் பார்த்துக்கொண்டு அமர்ந்திருக்கும். மறுவாரம் வெட்கத்தால் வராது. பெற்றோரும் நீண்ட கடைப்பட்டியலைக் கண்டு மலைத்துப் பேசாதிருந்துவிடுவர். ஆகவே, பொருளில்லை என்ற காரணத்தால் ஒரு பிள்ளைகூட விலகக் கூடாது என்பதை நம் முதற்கொள்கையாகக் கொள்வோம்.

பொருள்களை மூவகையாகப் பிரிப்போம். காசு கொடுத்து வாங்க வேண்டியவை ஒரு வகை. தோட்டத்திலேயே கிடைப்பவை மற்றொரு வகை. பலரும் பகிர்ந்துகொள்ளத்தக்கவை மூன்றாம் வகை.

முதலில் ஓவியத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டு பென்சில்கள் போதும். மெல்லிய கோட்டுக்கு எச்.பி., கருமையான நிழலுக்கு 4 பி. பயிற்சிக்கு ஒரு பக்கம் அச்சான பழைய தாள்களின் மறுபக்கம் உதவும். கரித்துண்டை நாமே செய்துகொள்ளலாம். விரற்கனமுள்ள உலர்ந்த குச்சிகளை மைலோ டின்னில் நெருக்கி அடுக்கி, மூடியில் ஆணியால் சிறு துளையிட்டு, அடுப்பு நெருப்பில் வைக்க வேண்டும். துளைவழியே புகை வருவது நின்றபின் டின்னை வெளியே எடுத்து, நன்கு ஆறிய பிறகே திறக்க வேண்டும். சூடாக இருக்கும்போது திறந்தால் கரி தீப்பற்றிச் சாம்பலாகிவிடும்.

அழிப்பானைப் பற்றி நாம் பெருமையோடு ஒன்று சொல்லலாம். பென்சில் கோட்டை நன்கு அழிக்கும் ஒரு மரப்பிசினைப் பற்றி 1770-ஆம் ஆண்டில் ஜோசப் பிரீஸ்ட்லி என்ற ஆங்கில அறிஞர் எழுதினார். தேய்த்து அழிப்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்தே அதற்கு ரப்பர் என்ற பெயர் அமைந்தது. நாம் நாள்தோறும் வெட்டும் மரத்தின் பெயரே ஓவியன் மேசையில் பிறந்ததுதான்.

அடுத்தது நீர்வண்ணம். இங்குதான் காசைக் கவனமாகச் செலவிட வேண்டும். மஞ்சள், சிவப்பு, நீலம் ஆகிய மூன்று வண்ணங்களும் ஒரு நல்ல உருண்டைத் தூரிகையும் தொடக்கத்திற்குப் போதும். பச்சையையும் ஊதாவையும் பழுப்பையும் பிள்ளைகள் கலந்தே பெறட்டும்; கலப்பதும் பாடமே. இருபது வண்ணப் பெட்டியை வாங்கித் தாளில் மிச்சம் பிடிப்பது தவறு. மெல்லிய தாள் நீர்பட்டவுடன் நெளிந்துவிடும். பிள்ளை தன் கையையே குறை கூறிக்கொள்ளும். சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள தாளே ஏற்றது. 56-க்கு 76 சென்டிமீட்டர் அளவுள்ள ஒரு முழுத்தாளை எட்டாக வெட்டினால், எட்டுப் பிள்ளைகளுக்கு ஆகும். வெள்ளைப் பீங்கான் தட்டு, தூரிகை கழுவ ஒன்றும் நல்ல நீருக்கு ஒன்றுமாக இரண்டு போத்தல்கள், பழந்துணி ஆகியவற்றை வீட்டிலிருந்தே கொண்டு வரலாம்.

நீர்வண்ண ஓவியத்தில் வெண்மையாகத் தெரிவது பெரும்பாலும் வண்ணம் படாத தாளே. அவ்விடத்தைக் காப்பதற்குக் கடைகளில் சிறு குப்பிகளில் ஒரு திரவம் விற்கிறார்கள். அதில் முதன்மையானது அமோனியா கலந்த ரப்பர் பால்! அதைப் பூசிக் காயவிட்டு, மேலே வண்ணம் தீட்டி, பின்னர் ஒட்டுப்பாலை உரிப்பதுபோல் உரித்தெடுத்தால் வெண்மை தெளிவாக நிற்கும். இதற்கு நல்ல தூரிகையைப் பயன்படுத்தலாகாது. பால் உறைந்து மயிர் கெட்டுவிடும். குச்சி முனையே போதும். நம் பாலைக் கொண்டு சோதித்துப் பார்க்க விரும்பினால், நிர்வாகத்திடம் கேட்டுப் பெற்று, முதலில் கழிவுத் தாளில் செய்து பார்ப்போம். கேளாமல் ஒரு மங்குப் பாலும் எடுத்தல் தகாது.

மூன்றாவது மட்பாண்டம். பேராக்கில் கோலகங்சாரை அடுத்த சாயோங்கில், கரிய நிறத்து லாபு சாயோங் கூசாக்களை மலாய்க் குயவர்கள் செய்து வருகின்றனர். சுட்ட சூட்டோடு உமியில் இடுவதால் அக்கருமை உண்டாகிறது. கோலசிலாங்கூர் வட்டாரத்தில் நம்மவர் பொங்கல் பானைகளும் விளக்குகளும் வனைந்து வந்துள்ளனர். ஆகவே இக்கலை நமக்குப் புதியதன்று.

ஆற்றோரக் களிமண்ணை விரற்கனம் திரித்து விரலில் சுற்றிப் பாருங்கள். வெடிக்காவிட்டால் அது வனைவதற்கு ஏற்றது. அதை வாளியில் ஊறவைத்துக் கரைத்து, பழைய கொசுவலையில் வடிகட்டி, தெளிந்த நீரை இறுத்து, துணியில் பரப்பி ஆறவிட வேண்டும். மூங்கில் சிம்பு, கரண்டி, சிரட்டைத் துண்டு ஆகியவையே கருவிகள். சுடாத மண் மீண்டும் நீரில் கரையும். ஆதலால் பிள்ளைகள் தவறு செய்தாலும் நட்டமில்லை. சுமார் 600 பாகை செல்சியஸ் சூட்டைத் தாண்டிய பின்னரே அது கரையாத ஓடாகிறது. ஈரம் முற்றும் உலராத பாண்டம் நெருப்பில் வெடித்துச் சிதறும். எனவே சுடும் வேலையைப் பெரியவர்களே செய்ய வேண்டும். மண் தோண்டிய குழியை அன்றே மூடுவோம், வாளிக்கும் மூடியிடுவோம். தேங்கிய நீர் கொசுவுக்கும் டிங்கிக் காய்ச்சலுக்கும் இடமளிக்கும்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். தாள், வண்ணம், பென்சில் ஆகியவற்றை வீட்டுக்கு வீடு தனித்தனியே வாங்காமல், பொது நிதியில் மொத்தமாக வாங்கிப் பெட்டியில் வைப்போம். கொடுக்க இயன்றவர் காசு கொடுக்கட்டும். இயலாதவர் டின்னும் துணியும் களிமண்ணும் கொண்டு வரட்டும். யார் எதைக் கொடுத்தார் என்று பிள்ளைகள் அறிய வேண்டியதில்லை. வகுப்பு தொடங்கும்போது எல்லாப் பிள்ளைகள் கையிலும் ஒரே வகைத் தூரிகை இருக்கட்டும். அவரவர் காட்டும் வேற்றுமை அவரவர் தீட்டும் படத்தில் இருந்தால் போதும்.