சாமி வண்டிக்கு வெளிச்சமும் வேண்டும், பிள்ளைகளுக்கு மூச்சும் வேண்டும்

(தோட்டத் தலைவர்மாரும் மாதர் சங்கத் தலைவிமாரும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



சம்பளம், வேலை நாள், வீட்டுக் காணி என்றுதான் இந்த மேடையில் வழக்கமாகப் பேசுவோம். இன்றைக்கு ஜெனரேட்டரைப் பற்றிப் பேசக் கேட்டிருக்கிறேன். திருவிழாக் காலம் வருகிறது. அதற்கு முன்னால் சொல்ல வேண்டிய விஷயம் இது.

எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் நடந்தது. ஊர்வலம் மேல் டிவிஷனில் நின்றபோது மழை கொட்டியது. ஜெனரேட்டர் நனையக்கூடாது என்று பையன்கள் லொறியின் நாலு பக்கமும் படங்கை இழுத்துக் கட்டினார்கள். உள்ளே சூடாக இருந்ததால் மூன்று பேர் அதன் பக்கத்திலேயே படுத்துவிட்டார்கள். தேத்தண்ணி கொண்டுபோன ஒரு அக்கா படங்கைத் தூக்கினார். இரண்டு பேர் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது பையனை எழுப்ப முடியவில்லை. "குடித்திருப்பான்கள்" என்றுதான் பெரியவர்கள் முதலில் ஏசினோம். ஒருவனும் ஒரு சொட்டும் குடித்திருக்கவில்லை. மூவரும் பிழைத்தார்கள். அந்தத் தேத்தண்ணி அரை மணித்தியாலம் பிந்தியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைக்க இன்றும் பயமாக இருக்கிறது.

பெற்றோலோ டீசலோ எரியும்போது காபனோரொட்சைட்டு என்ற வாயு வருகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. புகை நாற்றம் குறைவாக இருந்தாலும் அந்த வாயு இருக்கலாம். நம் இரத்தம் ஒட்சிசனைப் பிடிப்பதைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக இதைப் பிடித்துக்கொள்ளும். முதலில் தலையிடி, தலைச்சுற்று, வாந்தி, பிறகு மயக்கம். தூங்குகிறவருக்கு இந்த அறிகுறி எதுவும் தெரியாது. துணியால் மூக்கைக் கட்டுவதாலும் பயனில்லை.

வெளிநாடுகளில் படுக்கை, அடுப்பு எல்லாம் வைத்த வீட்டு வண்டிகள் இருக்கின்றன. அவற்றில் ஜெனரேட்டருக்கென்று தனி அறை உண்டு. ஆட்கள் இருக்கும் பக்கத்துக்கு ஓட்டை, இடைவெளி இல்லாத இரும்புத் தகட்டுச் சுவர். காற்று வெளியிலிருந்து வந்து வெளியிலேயே போகும். புகைக்குழாய் வண்டியின் ஓரத்தைத் தாண்டி வெளியே நீண்டிருக்கும், வண்டிக்கு அடியில் முடியாது. அதற்கென்றே செய்த ஜெனரேட்டரைத்தான் பூட்டுவார்கள். இவ்வளவும் செய்துவிட்டும், ஆட்கள் தூங்கும் இடத்தில் இந்த வாயுவைக் கண்டால் சத்தமிடும் கருவி ஒன்றை வைப்பார்கள்.

நம் லொறியில் இதில் ஒன்றாவது இருக்கிறதா? கடையில் வாங்கும், கையால் தூக்கும் ஜெனரேட்டர் திறந்த வெளிக்கென்று செய்தது. மூடிய வேனுக்குள் வைத்து ஓட்டவே கூடாது. கதவைத் திறந்து வைத்தாலும், தகட்டில் நாலு ஓட்டை போட்டாலும் போதாது.

ஆகவே ஊர்வலத்துக்கு இப்படிச் செய்வோம். ஜெனரேட்டர் திறந்த லொறியில் அல்லது டிரெயிலரில் போகட்டும். மழைக்கு மேலே தகரம் மட்டும் போடுவோம், நாலு பக்கமும் திறந்திருக்கட்டும். புகைக்குழாய் பின்பக்கம் வெளியே பார்த்திருக்கட்டும். மேட்டிலும் பள்ளத்திலும் நகராதபடி ஆணி முறுக்கி இறுக்க வேண்டும். அதே தட்டில் ஆள் ஏறக்கூடாது, பிள்ளைகள் கிட்டவே போகக்கூடாது. பெற்றோல் ஊற்றுவதானால் நிறுத்தி, சூடு ஆறிய பிறகுதான். பெற்றோல் கேன் வேறு வண்டியில் வரட்டும். நனைந்த வயர், தோல் உரிந்த வயர் வேண்டாம். 230 வோல்ட் ஆளைக் கொல்லும். ட்ரிப் சுவிட்ச் வைத்து, வயரிங் தெரிந்தவரைக் கொண்டு எர்த் போடச் சொல்லுங்கள்.

இனி லயத்துக்கு வருவோம். 2022இல் ஒரு நாளைக்குப் 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அப்படி ஒரு காலத்தில் கடைக்காரர், டியூஷன் நடத்துகிறவர் என்று யாராவது ஜெனரேட்டர் வாங்குவார். மழைக்கும் கள்ளருக்கும் பயந்து அதை இஸ்தோப்பில் வைப்பார். பல லயங்களில் நடுச்சுவர் கூரை வரை போவதில்லை. ஒரு காம்பராவில் வரும் புகை பக்கத்துக் காம்பராவில் தூங்கும் குழந்தையிடம் போகும். கதவு, ஜன்னலில் இருந்து 20 அடியாவது தள்ளி, புகை வீட்டைப் பார்க்காமல் வையுங்கள். வீட்டு பிளக்கில் ஜெனரேட்டரைக் குத்தவும் வேண்டாம். அந்தக் கரண்ட் வெளி லைனுக்கு ஏறினால், கம்பத்தில் வேலை செய்கிற மின்சாரத் தொழிலாளியைக் கொன்றுவிடும். அவரும் நம்மைப் போல ஒரு தொழிலாளிதான்.

யாராவது மயங்கிக் கிடந்தால் உடனே திறந்த வெளிக்கு இழுத்து வாருங்கள். ஜெனரேட்டரை நிறுத்துங்கள். மூடிய இடத்துக்குள் நீங்களும் நின்றுவிடாதீர்கள். 1990க்கு அழையுங்கள். டொக்டரிடம் "ஜெனரேட்டர் புகை" என்று தெளிவாகச் சொல்லுங்கள். விரலில் மாட்டும் ஒட்சிசன் கருவி சரியான கணக்கைக் காட்டலாம். அதை நம்பக்கூடாது, அந்தக் கருவிக்கு இந்த வாயுவைப் பிரித்துக் காட்டத் தெரியாது.

கடைசியாக ஒரு கோரிக்கை. லைட், சவுண்ட் பேசும்போது கோயில் கமிட்டி விலையை மட்டும் பேசாமல், "படங்கு மூடக்கூடாது, வண்டியில் ஆள் தூங்கக்கூடாது" என்பதையும் பேசி எழுதிக்கொள்ள வேண்டும். தோட்ட வேலைக்கு நிர்வாகம் ஜெனரேட்டர் வண்டி அனுப்பினாலும் இதே நிபந்தனைதான். அதைக் கேட்பது தோட்டத் தலைவரின் பொறுப்பு. ஜெனரேட்டரோடு போகிறவர்கள் பெரும்பாலும் நம் வீட்டுப் பையன்கள். ஓர் இரவுக் கூலிக்குப் போகிறவன் காலையில் வீடு திரும்ப வேண்டும்.