நிலம் வேறு, வீடு வேறு
(தசலட்சணப் பருவத்தின் ஒன்பதாம் நாள் ஆற்றிய உரை)

 

தசலட்சணப் பருவத்தின் ஒன்பதாம் நாள் உத்தம ஆகிஞ்சன்யத்திற்கு உரியது. ‘எனது’ என்று ஒன்றும் கொள்ளாத நிலையே ஆகிஞ்சன்யம். அது துறவியர்க்கு முழுமையாக உரிய அறம். இல்லறத்தார்க்கு அதன் தொடக்கமாக அமைந்தது ஐந்தாம் அணுவிரதமாகிய மிகுபொருள் விரும்பாமை. இன்ன அளவுக்கு மேல் வேண்டேன் என வரையறுத்துக் கொள்வதால் அதற்குப் பரிக்கிரக பரிமாணம் என்றும் பெயர்.

உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில், இவ்விரதத்தில் அளவு கடக்கலாகாத பொருள்களை வரிசைப்படுத்துகிறார். முதலில் நிற்பவை க்ஷேத்திரமும் வாஸ்துவும். அதாவது நிலமும் வீடும். பொன்னும் தானியமும் அவற்றின் பின்னரே வருகின்றன. நிலத்தையும் வீட்டையும் இணையாக வைத்தவர், இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து எண்ணவில்லை. வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பகுதி ஊர்களில் வாழ்வோர்க்கு இப்பிரிவு பெரிதாகத் தோன்றாது. அங்கே வீடு என்றாலே அது நிற்கும் மனையும் சேர்ந்ததுதான். கடல் கடந்து அமெரிக்காவில் பணிபுரியும் பிள்ளைகளுக்கோ இது மாதந்தோறும் கணக்கில் வரும் உண்மை.

அந்நாட்டில் ‘மொபைல் ஹோம்’ என்றொரு வீடு உண்டு. இரும்புச் சட்டத்தின் மேல் தொழிற்சாலையிலேயே கட்டி முடித்து, சக்கரங்களின் மீது இழுத்து வந்து நிறுத்தப்படுவது அது. பெயரில் நகர்வு இருந்தாலும், ஒருமுறை நிறுத்தியபின் பெரும்பாலும் அது நகர்வதில்லை. நகர்த்த ஆயிரக்கணக்கான டாலர் செலவாகும். சொந்த வீட்டிற்கு முன்பணம் சேர்க்கும் இளங்குடும்பங்கள் சில ஆண்டுகள் இதில் வாழ்ந்து மிச்சம் பிடிக்க எண்ணுவதுண்டு. ஊரிலுள்ள பெற்றோர்க்குச் சொல்லத் தயங்குவதும் உண்டு. சிறிய வீட்டில் வாழ்வது இழிவன்று. இழிவென்று நினைக்க வைப்பது மானம் என்னும் கஷாயம். ஆகவே அத்தயக்கத்தை விட்டுவிடலாம். கணக்கை மட்டும் விட்டுவிடக் கூடாது.

அத்தகைய குடியிருப்புகள் பலவற்றில் வீடு குடியிருப்பவர்க்குச் சொந்தம். நிலம் வேறொருவர்க்குச் சொந்தம். மாதந்தோறும் மனை வாடகை செலுத்த வேண்டும். நிலமில்லாத வீட்டை அசையும் பொருளாகக் கருதிக் கடன் கொடுப்பதால், பொதுவாக வட்டி கூடுதலாகவும் தவணைக் காலம் குறைவாகவும் இருக்கும்.

எடுத்துக்காட்டாக ஒரு கணக்கைப் பார்க்கலாம். மாதம் 1,800 டாலர் வாடகை கொடுத்து வந்த குடும்பம், 40,000 டாலருக்குப் பழைய மொபைல் ஹோம் ஒன்றைக் கடனின்றி வாங்கி, மனை வாடகையாக 700 டாலர் செலுத்துகிறது எனக் கொள்வோர், மாதம் 1,100 டாலர் மிச்சம் என்பர். ஐந்து ஆண்டுகளில் அது 66,000 டாலர். வெளியேறும்போது வீடு 25,000 டாலருக்கு விலைபோனால், 15,000 டாலர் இழப்பைக் கழித்து 51,000 நிற்கும். மனை வாடகை ஆண்டுதோறும் மாதத்திற்கு 100 டாலர் வீதம் உயர்ந்தால் மேலும் 12,000 குறையும், மிச்சம் 39,000. வீட்டை வாங்க ஆளே கிடைக்காவிட்டால் கையில் நிற்பது 14,000 மட்டுமே. காப்பீடு, வரி, பழுதுபார்ப்பு ஆகியன இதில் சேரவில்லை. நிலம் பிறர் கையில் இருப்பதன் பொருள் இதுவே.

பொருட்கணக்குடன் உயிர்க்கணக்கும் உண்டு. 1976 ஜூன் 15 முதல் இத்தகைய வீடுகளுக்கு நாடு முழுவதற்குமான கட்டுமான விதிகள் நடைமுறைக்கு வந்தன. அவ்விதிப்படி கட்டிய வீட்டின் வெளிப்புறத்தில் சிவப்பு உலோகத் தகடு பதிக்கப்பட்டிருக்கும். 1992-இல் ஆண்ட்ரூ சூறாவளி புளோரிடாவில் இத்தகைய வீடுகளைப் பெருமளவில் அழித்தது. அதன் பின்னர், 1994-இல், காற்றைத் தாங்கும் விதிகள் கடுமையாக்கப்பட்டன. எனவே விலை கேட்பதற்கு முன் வீடு கட்டிய ஆண்டையும், அது எந்தக் காற்று மண்டலத்திற்காகக் கட்டப்பட்டது என்பதையும் கேட்பதே முறை. சுழற்காற்று எச்சரிக்கை வந்தால் புதிய வீடாயினும் அதில் தங்கலாகாது. உறுதியான கட்டடத்தை அடைய வேண்டும். கொல்லாமை போற்றும் குடும்பம் தன் குழந்தைகளின் உயிர்க்காப்பை மிச்சக் கணக்கில் கழிக்க இயலாது.

நிலத்தின் சிக்கலுக்குத் தீர்வு கண்டவர்களும் உண்டு. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் 1984-இல் ஒரு குடியிருப்பினர் கூட்டுறவாகச் சேர்ந்து, தங்கள் வீடுகள் நின்ற நிலத்தைத் தாங்களே வாங்கினர். அதன் பின் பல மாநிலங்களில் இம்முறை பரவியது. அங்கே மனை வாடகையை உறுப்பினர்களே கூடி முடிவு செய்கின்றனர். தனித்தனியே எவரும் பெருநிலம் கொள்ளாமல், அனைவரும் அச்சமின்றி வாழ வழி பிறந்தது.

இனி விரதத்திற்கு வருவோம். சிறிய வீட்டில் வாழ்வதனாலேயே ஒருவர் மிகுபொருள் விரும்பாதவர் ஆகிவிடுவதில்லை. பரிக்கிரகத்தின் உயிர் பற்று. இரண்டு அறையில் ஐந்து ஆண்டு ஒடுங்கி வாழ்ந்து, அந்த ஐந்து ஆண்டும் ஆறு அறை மாளிகையை நெஞ்சில் கட்டிக்கொண்டிருப்பவர்க்கு வீடுதான் சிறியது, பற்று பெரியது. சேமிப்பு வளர வளர, வேண்டும் வீடும் வளரும். ஐந்து ஆண்டு பத்தாகும். அதற்குள் குழந்தைகள் வளர்ந்துவிடுவர்.

துறவியர் மழைக்காலத்தில் நான்கு மாதம் ஓரிடத்தில் தங்குகின்றனர். தங்கும் நாளே புறப்படும் நாளும் அவர்களுக்குத் தெரியும். சித்தன்னவாசல் ஏழடிப்பட்டத்துக் கற்படுக்கைகள் ஓர் உடல் படுக்கும் அளவுக்கு மேல் வெட்டப்படவில்லை. காலத்திற்கும் அளவுக்கும் முன்கூட்டியே எல்லை வகுத்த வாழ்வு அது.

இல்லறத்தார்க்கும் அதில் பாடம் உண்டு. தற்காலிக வீட்டில் அடி வைக்கும் முன்பே, கணவனும் மனைவியும் அமர்ந்து மூன்றை எழுதிக்கொள்ளட்டும்: எத்தனை ஆண்டு, எவ்வளவு தொகை, எத்தனை அறை. தொகை சேர்ந்ததும் சேர்ப்பதை நிறுத்தட்டும். மிகுவது ஆகாரம், அபயம், ஔஷதம், சாஸ்திரம் என்னும் நால்வகைத் தானத்திற்குச் செல்லட்டும். ஊரிலுள்ள பெற்றோரும் ‘வீடு எவ்வளவு பெரிது?’ என்று கேட்பதை விட்டு, ‘வரையறுத்த அளவு என்ன?’ என்று கேட்கட்டும். அக்கேள்வி பிள்ளைகளின் தோளிலிருந்து பெருஞ்சுமையை இறக்கும்.

ஜினதருமம் வாழ்க.