கரும்பலகையில் இருந்த இரண்டு வார்த்தைகள்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன் செய்து, "பத்து நிமிஷம் பேசு, கல்லூரி நாட்களைப் பற்றிப் பேசு, ஜாலியாப் பேசு" என்றார். ஜாலியான விஷயங்கள் நிறைய உண்டு. ஹாஸ்டல் மெஸ்ஸில் சாம்பாரில் காய் தேடியது, அட்டெண்டன்ஸ் 75 சதவீதத்தைத் தொடுவதற்காக ஒருவன் நாலு குரலில் 'பிரசன்ட் சார்' சொன்னது, எல்லாம் ஞாபகம் இருக்கிறது. அவற்றை மத்தியானம் சாப்பாட்டுப் பந்தியில் பேசிக்கொள்ளலாம். இந்த மேடையில் நான் சொல்ல வந்தது, இத்தனை வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்த ஒன்று.

நான் 2005-ல் இங்கே மின்னியல் துறையில் சேர்ந்தவன். நாலாவது செமஸ்டரில் எங்களுக்கு மோட்டார் பாடம் எடுக்க ஒரு சார் வந்தார். இந்த விழாவுக்கு வாருங்கள் என்று போன வாரம் அவரை அழைத்தேன். "நீ பேசுப்பா. ஆனா என் பேரைச் சொல்லாதே" என்றார். ஆகவே சார் என்றே சொல்கிறேன். எங்கள் செட்காரர்களுக்கு யாரென்று தெரியும்.

சாருடைய அண்ணன் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருந்தார். சார் பள்ளிக்கூடம் படிக்கும்போதே அந்தக் கடையில் உட்கார்ந்து காயில் சுற்றியவர். லேபில் ஒரு நாள் மோட்டாருக்கு சுவிட்ச் போட்டோம். 'உம்ம்' என்று உறுமியது, சுற்றவில்லை. சார் கதவருகே நின்றபடியே, "ஆஃப் பண்ணு, ஆஃப் பண்ணு, ஒரு பேஸ் போயிருக்கு" என்றார். பார்த்தால் ஒரு பியூஸ் போயிருந்தது. காதால் கேட்டே சொன்ன மனிதர். அந்த வயதில் எங்களுக்கு அதன் அருமை தெரியவில்லை.

அருமை தெரியாததற்கு இரண்டு காரணங்கள். முதலாவது, எங்களுக்கு மோட்டாரே வேண்டியிருக்கவில்லை. அந்த வருஷங்களில் கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வந்த சாப்ட்வேர் கம்பெனிகள் சிவில், மெக்கானிக்கல், மின்னியல் என்று பிரிவு பார்க்காமல் ஆள் எடுத்துக்கொண்டிருந்தன. "எப்படியும் ஐ.டி.க்குத்தான் போகப்போறோம், மோட்டார் எப்படிச் சுத்தினா நமக்கென்ன" என்பதுதான் வகுப்பின் மனநிலை. அறுபது பேரில் பத்துப் பேர் கவனித்தால் அதிகம். மற்றவர்கள் தூங்கினோம், கிரிக்கெட் ஸ்கோர் விசாரித்தோம், நோட்டின் கடைசிப் பக்கத்தில் படம் வரைந்தோம்.

இரண்டாவது காரணம் சொல்வதற்குக் கூச்சமானது. சார் தமிழும் இங்கிலீஷும் கலந்து பேசுவார். இங்கிலீஷ் கொஞ்சம் தடுமாறும். அவர் எந்த ஊர், அந்த ஊரில் எந்தத் தெரு என்று எங்களில் ஒருவன் விசாரித்து வந்து சொன்னான். அதற்குப் பிறகு அவர் என்ன தவறு செய்தாலும் அந்தத் தெருவின் கணக்கில் எழுதினோம். போர்டில் ஒரு மைனஸ் குறி விட்டுப்போனால் போதும், பின்னால் ஒரு சிரிப்பு வரும். இங்கிலீஷில் பிரமாதமாகப் பேசுகிற இன்னொரு பேராசிரியர் கணக்கைப் பாதியில் விட்டுவிட்டுப் போனபோது நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. "சாருக்கு இன்னைக்கு மூட் சரியில்ல" என்றோம்.

ஒரு வியாழக்கிழமை மதியம், சாப்பாட்டுக்குப் பிறகு முதல் பீரியட். சார் வருவதற்கு முன் கரும்பலகையில் ஒருவன் எழுதினான். கொட்டை எழுத்தில், தமிழில், இரண்டே வார்த்தைகள்: கோட்டா வாத்தியார்.

எழுதியவன் நான் இல்லை. சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

சார் வந்தார். படித்தார். டஸ்டரைக் கையில் எடுத்தார், கீழே வைத்துவிட்டார். பலகையின் மீதி இடத்தில் பாடத்தை ஆரம்பித்தார். அன்றைக்குப் பாடம் இண்டக்‌ஷன் மோட்டாரில் ஸ்லிப். ஐம்பது சைக்கிள் சப்ளை, நாலு போல் மோட்டார். உள்ளே காந்தப்புலம் நிமிஷத்துக்கு 1500 சுற்று சுற்றும். ரோட்டார் சுமார் 1440 சுற்றுதான் சுற்றும். அந்த அறுபது சுற்று வித்தியாசம்தான் ஸ்லிப், நாலு சதவீதம். ஏன் ரோட்டார் 1500-ஐத் தொடுவதில்லை?

சார் சொன்னார்: "தாய்ப்பசு முன்னால ஓடுது. கன்னுக்குட்டி பின்னாலயே ஓடுது. எதுக்கு ஓடுது? தாய்க்கும் அதுக்கும் நடுவுல இடைவெளி இருக்கு, அதனால ஓடுது. பக்கத்துல போய்ச் சேர்ந்துட்டா அப்புறம் எதுக்கு ஓடணும்? ரோட்டாரும் அப்படித்தான். புலத்தோட வேகத்தைத் தொட்டுட்டா ரோட்டார் கம்பியை எதுவும் வெட்டாது. வோல்டேஜ் இல்ல. கரண்ட் இல்ல. டார்க் இல்ல. தானா வேகம் குறையும். குறைஞ்சா மறுபடி இழுபடும்."

இதைவிடத் தெளிவாக அந்தப் பாடத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. அன்றைக்கு என்ன நடந்தது தெரியுமா? நடு பெஞ்சிலிருந்து ஒருவன் "ம்மா..." என்று கன்றுக்குட்டி மாதிரி கத்தினான். வகுப்பே அதிர்ந்து சிரித்தது.

சார் சாக்பீஸைக் கீழே வைத்தார். சத்தம் போடவில்லை. அவர் பேசியது எனக்கு இன்றும் வரிக்கு வரி நினைவிருக்கிறது.

"நீங்க தூங்குறது எனக்குப் பெரிய வருத்தம் இல்ல. மத்தியானச் சாப்பாடு, வெயில், தூக்கம் வரத்தான் செய்யும். நான் கோட்டால வந்தவன்தான். மறைக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல. தமிழ்நாட்டுல இட ஒதுக்கீடு எவ்வளவு? 69 சதவீதம். 1994-ல அரசியல் சட்டத்தோட ஒன்பதாவது அட்டவணையில சேர்த்த சட்டம் அது. கவுன்சிலிங்ல நூத்துக்கு 69 சீட் அப்படித்தான் போகுது. கவுன்சிலிங் தவிர நிர்வாகத்துக்குன்னு 35 சதவீதம் இருக்கு. அதுக்குப் பேர் என்ன? மேனேஜ்மென்ட் கோட்டா. இப்ப இந்த ரூம்ல இருக்கிற அறுபது பேர்ல, எந்தக் கோட்டாவும் இல்லாம வந்தவங்க எத்தனை பேர்? கை தூக்க வேணாம். மனசுக்குள்ள எண்ணிக்குங்க."

நான் எண்ணவே வேண்டியிருக்கவில்லை. என் சீட் நிர்வாக ஒதுக்கீட்டில் வந்தது. அப்பா ஒரு வீட்டுமனையை விற்றுத்தான் என்னைச் சேர்த்தார். நாலு வருஷத்தில் ஒருவன்கூட என்னைக் கோட்டா என்று சொன்னதில்லை. அந்த வார்த்தையை யாரைப் பார்த்துச் சொல்வது, யாரைப் பார்த்துச் சொல்லாமல் இருப்பது என்று எங்களுக்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை. ஆனாலும் அறுபது பேருக்கும் தெரிந்திருந்தது.

கடைசியாக அவர் சொன்னார்: "உங்க மேல கோபம் இல்லன்னு சொன்னா பொய். ஆனா சிலபஸ் முடியணும். கன்னுக்குட்டி தாயை முந்திட்டு ஓடினா என்ன ஆகும்? அதை நாளைக்குப் பார்க்கலாம்." பெல் அடித்தது.

மறுநாள் நாங்கள் மாஸ் பங்க் அடித்தோம்.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் மேடையேறியிருக்க மாட்டேன். பலகையில் எழுதியது துறைத் தலைவர் காதுக்குப் போய்விட்டது. சார் புகார் கொடுக்கவில்லை, யாரோ சொல்லிவிட்டார்கள். விசாரணை வந்தது. எழுத்து தமிழில், அழகாக இருந்தது. "தமிழ் மீடியம் பசங்க வேலையாத்தான் இருக்கும்" என்று முடிவு செய்து கடைசி பெஞ்சைக் கூப்பிட்டார்கள். அங்கே என் நண்பர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அரசுப் பள்ளியில் தமிழில் படித்து வந்தவர். சாரிடம் சந்தேகம் கேட்கிற அந்தப் பத்துப் பேரில் முதல் ஆள். அவர் கேள்வி கேட்டால் அதற்கும் நாங்கள் சிரிப்போம். அவரை ஒரு வாரம் வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தார்கள்.

எழுதியது யார் என்று எனக்குத் தெரியும். எழுதியவன் என் ரூம்மேட். நான் வாயைத் திறக்கவில்லை. ஜன்னல் வழியாக அந்த நண்பரைப் பார்த்தேன். வராந்தாவில் நின்றபடி சாருடைய பாடத்தைக் கேட்டு நோட்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார்.

ஆறாவது செமஸ்டரில் அவர் படிப்பை விட்டுப் போய்விட்டார். அந்த ஒரு வாரத்தால்தான் போனார் என்று சொல்ல மாட்டேன். வீட்டில் கஷ்டம் இருந்தது, அரியர் இருந்தது. ஆனால் போகிறவரைப் பிடித்து நிறுத்த இந்த வகுப்பில் ஒரு கைகூட நீளவில்லை என்பது உண்மை.

எனக்கு என்ன ஆயிற்று? கேம்பஸில் ஒரு சாப்ட்வேர் கம்பெனி ஆர்டர் கொடுத்தது. 2008 செப்டம்பரில் அமெரிக்காவில் வங்கிகள் கவிழ்ந்தன. எங்கள் சேரும் தேதி தள்ளிப்போனது, தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. 2009 கடைசியில் வேறு வழியில்லாமல் காற்றாலைப் பராமரிப்புக் கம்பெனி ஒன்றுக்கு இன்டர்வியூ போனேன். அங்கே கேட்ட முதல் கேள்வி: "இண்டக்‌ஷன் மெஷினை 1500-க்கு மேலே சுத்தினா என்ன ஆகும்?"

நாளைக்குப் பார்க்கலாம் என்று சார் விட்ட இடம் அது. நாங்கள் பங்க் அடித்த வகுப்பு. தலையைக் குனிந்துகொண்டு யோசித்தேன். கன்றுக்குட்டி தாயை முந்திவிட்டால்? இதுவரை தாய் கன்றை இழுத்தது, இனி கன்று தாயை இழுக்கும். காற்று ரோட்டாரைத் தள்ளினால் ஸ்லிப் எதிர்மறை ஆகும், மெஷின் கரண்ட் வாங்குவதை விட்டுவிட்டு லைனுக்குக் கொடுக்க ஆரம்பிக்கும். மோட்டார் ஜெனரேட்டர் ஆகிவிடும். அரைகுறையாகச் சொன்னேன். கன்றுக்குட்டிக் கதையையும் சொல்லிவிட்டேன். அந்த அதிகாரி சிரித்துவிட்டு, "யாருப்பா இப்படிச் சொல்லிக் கொடுத்தது?" என்றார். "எங்க சார்" என்றேன். வேலை கிடைத்தது. ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைகளின் கீழே நின்ற எத்தனையோ ராத்திரிகளில் அந்த வியாழக்கிழமை எனக்கு ஞாபகம் வந்திருக்கிறது.

வட்டம் திரும்பி வரும் என்பார்கள். 2022-ல் என் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த பயிற்சிப் பொறியாளர்களுக்குச் சனிக்கிழமைதோறும் வகுப்பு எடுக்கச் சொன்னார்கள். 28 பேர். மேசைக்கடியில் மொபைல் வெளிச்சம். நான் ராத்திரி இரண்டு மணி வரை உட்கார்ந்து தயார் செய்த பாடம். கேட்க ஆள் இல்லை. ஒரு நாள் ஒடிசாவிலிருந்து வந்த பையன் ஒருவன் கேள்வி கேட்டான். பின்னாலிருந்து, "வடக்கனுக்கு டவுட்டாம்டா" என்று ஒரு குரல். சிரிப்பு. அதே சிரிப்பு. எனக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும், நானும் சிரித்திருக்கிறேனே.

அன்றைக்கு இரவு சாருக்கு போன் செய்தேன். பலகை விவகாரத்தையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எழுதினவன் யாருன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்பா. எத்தனை ரெக்கார்ட் நோட்டு திருத்தியிருக்கேன், கையெழுத்து தெரியாதா? அந்தப் பையன் வெளிய நின்னப்ப நான் போய் உண்மையைச் சொல்லியிருக்கணும். எனக்காக நானே பேசினா சாதிச் சண்டைன்னு சொல்லிடுவாங்களோன்னு பயந்தேன். அது என் தப்பு. நீ அந்தத் தப்பைப் பண்ணாதே. தூங்குறவனை விட்டுடு. சிரிக்கிறவனை விடாதே. அன்னைக்கே, அங்கேயே கேளு" என்றார்.

மறு சனிக்கிழமை மோட்டாரை மூடி வைத்துவிட்டு அதைத்தான் பேசினேன். எல்லோரும் திருந்திவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். சிரிப்பு நின்றது. அந்தப் பையன் மறுபடி கேள்வி கேட்க ஆரம்பித்தான். அது எனக்குப் போதுமானதாக இருந்தது.

தம்பி தங்கைகளே, இது பழைய கதை என்று நினைக்காதீர்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனையும் அவன் தங்கையையும் உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் வண்ணக் கயிறு கட்டக் கூடாது, பள்ளிகளின் பெயரில் சாதிப் பெயர் இருக்கக் கூடாது என்றெல்லாம் அதில் பரிந்துரைகள் உண்டு. கயிற்றை அவிழ்த்துவிடலாம். வகுப்பறைச் சிரிப்புக்கு எந்தக் கயிறும் இல்லை. அதைப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன்தான் நிறுத்த வேண்டும்.

அந்த நண்பரையும் 2023-ல் தேடிப் பிடித்தேன். திருப்பூரில் எலக்ட்ரிக்கல் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறார், எட்டுப் பேருக்கு வேலை கொடுக்கிறார். நடந்ததைச் சொன்னேன். "அதெல்லாம் யாருடா ஞாபகம் வச்சிருக்கா" என்று சிரித்தார். டீ வந்தது. குடித்து முடித்துவிட்டு, "வியாழக்கிழமைதானே அது?" என்று கேட்டார்.

நம் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். அவர் பெயர் இல்லை. பட்டம் வாங்கியவர்கள் மட்டும்தான் முன்னாள் மாணவர்கள் என்று நம் விதி சொல்கிறது. செயலாளர் அவர்களுக்கு என் ஒரே வேண்டுகோள்: நம்மோடு ஒரு நாள் படித்திருந்தாலும் அவர்கள் பெயரையும் சேருங்கள். பாதியில் போனவர்கள் ஏன் போனார்கள் என்று ஒரு முறை கேளுங்கள். அடுத்த கூடலுக்கு என் நண்பரை நானே என் வண்டியில் அழைத்து வருகிறேன்.

சாரிடம் ஒன்று சொல்ல வேண்டும். அவர் இந்த மலரைப் படிப்பார் என்று நம்புகிறேன். சார், கன்றுக்குட்டி தாயை முந்தினால் என்ன ஆகும் என்று தெரிந்துகொண்டேன். அந்த வகுப்புக்கு நான் வந்திருக்க வேண்டும்.